ஒரு பெட்டியும் ஒரு வாரமும் கொடுங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்துக்கும், மாநில சர்ஃபிங் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் மீனவக் குப்பங்களில் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் நானும் நண்பர்களும் சேர்ந்து சின்ன அளவில் சர்ஃபிங் (போர்டில் நின்று அலைமேல் சறுக்கும் விளையாட்டு) போட்டி நடத்தி வருகிறோம். கைக்காசு, கொஞ்சம் வசூல், நிறைய இரவல். இப்படித்தான் ஓடுகிறது.

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். போட்டிக்கான அனுமதியை ஒரு தேதிக்குக் கொடுக்காமல் ஒரு வாரத்துக்குக் கொடுங்கள். போட்டி நடத்தத் தேவையான சாமான்களை ஒரு பெட்டியில் வைத்து, கேட்கிற ஊருக்கெல்லாம் இரவலாகப் போய் வர ஏற்பாடு செய்யுங்கள். நிதி கேட்டு இந்த மடலை எழுதவில்லை.

2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீகின் தகுதிச் சுற்றுப் போட்டி அரசின் ஆதரவோடு நடந்தது. 2025 ஆகஸ்டில் அதே கரையில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனிநபர் பதக்கம் பெற்றது அதுவே முதல்முறை. எங்கள் பிள்ளைகள் பஸ் பிடித்துப் போய் கரையில் நின்று பார்த்தார்கள். ஜப்பான்காரர்களும் இந்தோனேசியர்களும் நம் அலையில் ஏறி வந்ததை இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் போட்டிகளை நடத்தியவர்களுக்கு உளமார நன்றி. டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் வந்த விளையாட்டு இது. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இடம் பிடித்திருக்கிறது. நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பொருத்தமாக வந்த விளையாட்டு வேறு ஏது?

ஆனால் அலையில் ஏறத் தெரிந்த பிள்ளைக்குப் போட்டியில் ஆடத் தெரிந்துவிடாது. சும்மா விளையாடும்போது காலை முழுக்கக் கடலில் கிடந்து பிடித்த அலையில் ஏறலாம். போட்டியில் ஒரு ஹீட், அதாவது நாலு பேர் ஒன்றாகக் கடலில் இறங்கி ஆடும் ஒரு ஆட்டம், 20 நிமிடம். அதற்குள் எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டுக்குத்தான் மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் 10, ஆக மொத்தம் 20. அலை உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்கே அந்த அலை. குறுக்கே புகுந்தால் தண்டனை. முதல் 5 நிமிடத்தில் சின்ன அலை ஒன்றை எடுத்துக் கணக்கைத் தொடங்குவதா, அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளின் செட்டுக்குக் காத்திருப்பதா என்று அந்தப் பிள்ளையே தண்ணீரில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். இதைக் கரையில் நின்று சொல்லிக்கொடுக்க முடியாது. நாலு முறை தோற்றால்தான் வரும். அந்தத் தோல்விகளை எங்கே போய் வாங்குவது? தேசியப் போட்டி மங்களூரு பக்கமோ கேரளத்திலோ நடந்தால் ரயில் செலவு, தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேரும். மீன்பாடு சரியில்லாத மாதத்தில் எந்த அப்பாவிடம் அதைக் கேட்பது? ஊரிலேயே நடக்கும் சின்னப் போட்டிதான் அதற்கு இடம்.

இனி அந்த ஒரு வாரம் எதற்கு என்று சொல்கிறேன்.

எங்கள் கரையில் நல்ல அலை வருவது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. தெற்கே வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. அந்த மாதங்களில் கரையோரம் தெண்டி வெள்ளம் என்று நாங்கள் சொல்லும் நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே ஓடும். விடியற்காலையில் நிலத்திலிருந்து கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசினால் அலையின் முகம் வழவழவென்று நிற்கும். பிள்ளைகள் எழுந்து நின்று திரும்பலாம், மேலே ஏறி இறங்கலாம். காலை பத்து, பதினொன்று ஆனால் கடற்காற்று திரும்பிவிடும். அலை முகமெல்லாம் நொறுங்கிப்போகும். அதற்குமேல் போட்டி நடத்துவது பிள்ளைகளின் திறமையைப் பார்ப்பதாக இருக்காது, அதிர்ஷ்டத்தைப் பார்ப்பதாகத்தான் இருக்கும்.

அந்த அலை எந்த நாளில் வந்து சேரும் என்று மூன்று நான்கு நாள் முன்னால்தான் நம்பிக்கையாகச் சொல்ல முடிகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் கடல் முன்னறிவிப்பை எங்கள் ஊரில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் பார்க்கிறார்கள், நாங்களும் பார்க்கிறோம். இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தில் ஒரே தேதியைப் போடச் சொன்னால் எந்தத் தேதியைப் போடுவது?

ஒருமுறை இதை அனுபவித்தோம். கேட்டபடி ஒரு சனி ஞாயிறைக் குறித்துக் கொடுத்தோம், அனுமதியும் கிடைத்தது. சனிக்கிழமை காலை பந்தல் போட்டாயிற்று, ஒலிபெருக்கி வந்தாயிற்று, பக்கத்துக் குப்பங்களிலிருந்து பிள்ளைகள் டாடா ஏஸில் போர்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கடல் அடங்கிக் கிடந்தது. முழங்கால் உயரத்துக்குக்கூட அலை இல்லை. ஞாயிறும் அப்படியே. பிள்ளைகள் மணலில் கபடி ஆடிவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை அலை வந்தது. ஆளுயரத்துக்குச் சுத்தமான அலை, காற்றும் அருமை. போட்டியை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஓடினோம். தேதி முடிந்துவிட்டது, புதிதாக விண்ணப்பியுங்கள் என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். அங்கே இருந்தவர் நல்லவர்தான். அவர் முன்னால் இருந்த படிவத்தில் மாற்றுத் தேதிக்கு இடமே இல்லை. பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு என்று செலவழித்த பணம் திரும்பி வரவில்லை. அந்த வருடம் போட்டியே நடக்கவில்லை.

பெரிய போட்டிகளில் இப்படி ஆகாது. உலகத்தில் எங்கே சர்ஃபிங் போட்டி நடந்தாலும் காத்திருப்பு நாட்கள் என்று ஒரு வாரமோ பத்து நாளோ ஒதுக்குகிறார்கள். அதற்குள் நல்ல நாட்களைப் பார்த்துப் போட்டியை நடத்திவிட்டு மற்ற நாட்களில் சும்மா இருக்கிறார்கள். எங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு காலைப்பொழுதுகள் மட்டுமே. கணக்கு இதுதான். பெரியவர்கள் பிரிவில் 16 பேர் என்றால், ஹீட்டுக்கு 4 பேர், முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்கு. முதல் சுற்றில் 4 ஹீட், அரையிறுதி 2, இறுதி 1, ஆக 7. பெண் பிள்ளைகள் 8 பேர் என்றால் 3 ஹீட். 14 வயதுக்கு உட்பட்டவர்கள் 8 பேர், அதுவும் 3. மொத்தம் 13. ஒரு ஹீட்டுக்கு 20 நிமிடமும் இடைவெளிக்கு 5 நிமிடமும் வைத்தால் 325 நிமிடம். காலை 6 மணிக்குத் தொடங்கி 9:30-க்குள் 8 ஹீட்டை முடிக்கலாம். மீதி 5 மறுநாள். ஏழு நாளுக்கு அனுமதி கொடுத்தாலும் அந்த இரண்டு காலைகள்தான் கரையில் கூட்டம் இருக்கும். எந்த நாள் என்பதை 48 மணி நேரத்துக்கு முன்பே காவல் நிலையத்துக்கும் கடலோரக் காவல் குழுமத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுகிறோம். அந்த வாரத்தில் அலை வரவே இல்லையென்றால் பேசாமல் விட்டுவிடுகிறோம். பந்தலுக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்திருக்க மாட்டோம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டால் கரை காலியாக இருக்குமே என்று சிலர் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான அந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான். எங்கள் ஃபைபர் படகுகள் அப்போதும் கடலுக்குப் போய் வருகின்றன. அதனால் படகோடு போட்டியா, போட்டியோடு படகா என்ற கேள்வி எந்த மாதத்திலும் இருக்கிறது. அதற்கு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு விதி பேசி முடித்திருக்கிறோம். படகு கரைக்கு வருவது தெரிந்ததும் ஹாரன் அடிக்கும், ஹீட் நிற்கும், பிள்ளைகள் ஒதுங்குவார்கள். படகு மணலில் ஏறிய பிறகு விட்ட நிமிடத்திலிருந்து மீண்டும் தொடங்குவோம். வலை காயப்போடும் இடத்தில் பந்தல் கிடையாது. ஏலம் நடக்கும் இடத்தில் ஒலிபெருக்கி கிடையாது. இந்த விதி இருப்பதால்தான் ஊர் எங்களை நடத்த விடுகிறது. அனுமதிக் கடிதத்தோடு ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதக் கடிதத்தையும் கட்டாயம் ஆக்குங்கள் என்று நானே கேட்டுக்கொள்கிறேன். அது இல்லாமல் வெளியாள் யாரும் எங்கள் கரைக்கு வந்து போட்டி நடத்தக் கூடாது.

அடுத்தது பெட்டி.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு சர்ஃபிங் போட்டி என்றால் போர்டு இருந்தால் போதும் என்று தோன்றும். போர்டை எப்படியோ சமாளித்துவிடுகிறோம். ஒரு பிள்ளை ஆடி முடித்துக் கரையேறியதும் அதே போர்டை அடுத்த ஹீட்டுக்கு இன்னொரு பிள்ளை எடுத்துக்கொண்டு ஓடும். எங்களைத் திணறவைப்பது சட்டை.

ஒரு ஹீட்டில் நான்கு பேருக்கும் நான்கு நிறச் சட்டை வேண்டும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம். நிறத்தை வைத்துத்தான் நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். பெயர் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உடம்போடு ஒட்டும் லைக்ரா சட்டை வாங்க வசதி இல்லாமல் விளையாட்டுச் சாமான் கடையில் மலிவு டி-சர்ட் எடுத்தோம். நனைந்ததும் அது கனக்கிறது. நீந்தும்போது தண்ணீரை மொண்டுகொள்கிறது, போர்டில் எழும்போது மேலே சுருண்டு முகத்தை மூடுகிறது. பத்து வயசுப் பிள்ளைக்கு அது ஆபத்து. இன்னொரு சங்கடம் சோழமண்டலக் கரைக்கே உரியது. மேற்குக் கரையில் காலையில் நடுவருக்கு முதுகுப் பக்கம் சூரியன். இங்கே நேர் கண்ணில். ஆறரை மணிக்குக் கடல் முழுக்கத் தகதகவென்று ஒரே வெளிச்சம். அதில் அலையில் வருகிற பிள்ளை வெறும் கறுப்பு உருவம். நனைந்த நீலமும் கறுப்பாகத்தான் தெரிகிறது, நனைந்த சிவப்பும் கறுப்பாகத்தான் தெரிகிறது. நிறத்தைக் கூவுவதற்கென்றே பக்கத்தில் ஒரு பையனை நிறுத்துகிறோம். "சிவப்பு எழுந்துட்டான், நீலம் பின்னாடி வர்றான்" என்று அவன் விடாமல் கத்திக்கொண்டே இருப்பான். ஒருமுறை அவனுக்கும் கண் கூசிவிட்டது. ஒரு பெண் பிள்ளை அருமையாகத் திரும்பி வந்த அலை வேறு நிறத்தின் கட்டத்தில் ஏறிவிட்டது. வீடியோ எடுத்தவரின் போனில் பார்த்துத்தான் சரிசெய்தோம். பளிச்சென்று ஒளிரும் நிறத்தில் நல்ல லைக்ரா சட்டைகள் இரண்டு மூன்று அளவில் இருந்தால், நடுவர்களுக்கு இரண்டு பைனாகுலரும் நிழலுக்கு ஒரு கூரைத் துணியும் இருந்தால், இந்தப் பாடு கிடையாது.

மதிப்பெண் போடும் முறையில் நாங்கள் எதையும் குறைத்துக்கொள்வதில்லை. ஐந்து நடுவர்கள் கிடைத்தால் ஒவ்வொரு அலைக்கும் ஐந்து பேரும் தனித்தனியே போடுவார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு நடுவில் உள்ள மூன்றின் சராசரியை எடுப்போம். 4.5, 5, 5.5, 6, 7 என்று வந்தால் 4.5-ம் 7-ம் போய்விடும், அலைக்கு 5.5. சொந்தத் தம்பிக்கு அதிகம் போட்டாலும் பிடிக்காத பையனுக்குக் குறைத்துப் போட்டாலும் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகும். சின்ன ஊரில் இந்த ஏற்பாட்டுக்கு இருக்கிற மதிப்பு பெரிது. ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் உறவு இருக்கும் இடத்தில், தோற்றவன் வீட்டார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டு போவதற்கு இதுதான் காரணம். ஆனால் பயிற்சி பெற்ற ஐந்து பேர் கிடைப்பதே இல்லை. மூவரை வைத்து மூன்றின் சராசரி எடுத்து ஓட்டுகிறோம். சர்ஃபிங் சங்கத்துக்கு இதில் ஒரு தனி வேண்டுகோள்: ஐஎஸ்ஏ என்னும் சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் நடுவர் பயிற்சி நடக்கும்போது ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் ஒரு அண்ணன், ஒரு அக்கா என்று இரண்டு பேரைக் கட்டணம் இல்லாமல் உட்காரவையுங்கள். முழுச் சான்றிதழ் கொடுக்க முடியாவிட்டால் கேட்கவாவது விடுங்கள்.

பெட்டியில் வேறு என்ன வேண்டும்? சத்தமான காற்று ஹாரன் இரண்டு. ஒரு முறை அடித்தால் தொடக்கம், இரண்டு முறை அடித்தால் முடிவு. ஹீட் நடக்கும்போது ஏற்றப் பச்சைக் கொடி, கடைசி 5 நிமிடத்துக்கு மஞ்சள் கொடி, தண்ணீரிலிருந்து தெரிகிற அளவில். பெரிய எண்ணுள்ள கடிகாரம். நடுவர் தாள், அட்டை, உப்புக்காற்றிலும் எழுதும் பென்சில். முதலுதவிப் பை, கழுத்துப் பட்டை, அடிபட்டவரை அசைக்காமல் தூக்கும் பலகை, மீட்புக்கென்றே இரண்டு பெரிய மெத்துப் போர்டு. இவ்வளவும் ஒரு குட்டி யானை வண்டியில் பாதிக்குள் அடங்கிவிடும். கிராம ஊராட்சிகளுக்கு அரசு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வழங்கியபோது கிரிக்கெட் மட்டையும் வாலிபாலும் வந்தன. பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள். கடலில் விளையாடும் பிள்ளைகளுக்கு என்று அதேபோல் ஒன்று இருக்கட்டும். ஊருக்கு ஒரு பெட்டி வேண்டாம். மாமல்லபுரத்திலோ கோவளத்திலோ ஒரே ஒரு பெட்டி இருந்தால் போதும். முன்பணம் கட்டி எடுத்துப் போய், அலசிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். தொலைந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மற்ற செலவு எங்கள் பொறுப்பு. போன போட்டிக்கு 40,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதில் பெரிய தொகை தனியார் ஆம்புலன்ஸை இரண்டு காலை நிறுத்திவைத்ததற்கு. 108 வண்டியை ஒரு விளையாட்டுக்காக நிறுத்திவைக்கக் கூடாது, எங்கோ ஒரு உயிருக்கு அது ஓட வேண்டும். அதனால் அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லி நாங்களும் பேசுவதில்லை. நடுவர் மேடைக்கு ஊரில் சென்ட்ரிங் வேலை செய்யும் அண்ணன் சாரம் கட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. இட்லியும் வடகறியும் சுய உதவிக் குழு அக்காமார்கள் மளிகைச் செலவுக்கு மட்டும் செய்து கொடுத்தார்கள். பரிசு ரொக்கமாகக் கிடையாது. போர்டைக் காலோடு கட்டும் லீஷ், வழுக்காமல் இருக்கப் போர்டில் தேய்க்கும் வாக்ஸ், போர்டின் அடியில் மாட்டும் ஃபின், முதல் பரிசுக்குப் பழுது பார்த்த பழைய போர்டு ஒன்று. புதுப் போர்டு பல பத்தாயிரம் விற்கிற காலத்தில் அந்தப் பழைய போர்டுக்காகப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கவலை நியாயமானது. இந்தச் சாலையோரக் கடற்கரைகளில் விடுமுறை நாட்களில் நடக்கும் சாவுகளை நாங்கள் கண்ணால் பார்க்கிறவர்கள். கரைக்கு இழுத்து வருவதும் பெரும்பாலும் போர்டோடு நிற்கிற எங்கள் பையன்கள்தான். இழுவை எங்கே ஓடுகிறது, மணல்திட்டு எங்கே உடைந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கள்ளக்கடல், அதாவது காற்றே இல்லாமல் திடீரென்று கடல் பொங்கும் என்ற எச்சரிக்கை வந்த நாளில் போட்டி கிடையாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறோம். அனுமதி சிக்கலாக இருப்பதால் போட்டிகள் நின்றுவிடாது. பத்துப் பேர் கூடி யாருக்கும் சொல்லாமல், மீட்பு ஆளும் முதலுதவியும் இல்லாமல் நடத்திக்கொள்வார்கள். எனக்குப் பயம் அதைப் பற்றித்தான்.

பங்குனி ஆமை கரையேறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாங்கள் எதுவும் வைப்பதில்லை, மணலில் விளக்கும் போடுவதில்லை. இதை யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி தேசிய அளவில் பட்டம் வென்ற பிறகு எங்கள் ஊரில் அம்மாக்கள் மனசு மாறியிருக்கிறது. வயசுக்கு வந்த பிள்ளையைக் கடலில் இறக்கலாமா என்ற கேள்வி இன்னும் போகவில்லை. உள்ளூரில், தெரிந்த முகங்களுக்கு நடுவில், அம்மாவே கரையில் நிற்கிற போட்டிக்கு அனுப்புகிறார்கள், வெளியூருக்கு அனுப்புவதில்லை. சின்னப் போட்டி நின்றுபோனால் பையன்கள் எப்படியாவது வேறு எங்காவது போய் ஆடிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு வேறு வழியே கிடையாது. உடை மாற்ற ஒரு தடுப்பும், முழுக்கை லைக்ராவும் பெட்டியில் இருந்தால் வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும்.

நடைமுறை இப்படி இருந்தால் எங்களுக்கு வசதி. மாவட்ட விளையாட்டு அலுவலர் ஒரு படிவம் வைத்திருக்கட்டும். 50 பேருக்கு மேல் ஆடாத, நுழைவுச்சீட்டு விற்காத, ராத்திரியில் நடக்காத கடற்கரைப் போட்டிக்கு மட்டும் அது. ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதம், மீட்பு ஆட்களின் பெயர், ஆம்புலன்ஸ் ஏற்பாடு, ஏழு நாள் காலம் எல்லாம் அதில் இருக்கட்டும். அவரே காவல்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் நகல் அனுப்பிக் கையொப்பம் வாங்கட்டும். இப்போது அந்த நகலைத் தூக்கிக்கொண்டு அலைவது கடலுக்குப் போக வேண்டிய ஆட்கள். அலுவலகத்துக்கு ஒருநாள் போனால் அன்றைய மீன்பாடு போச்சு.

அடுத்த போட்டியை ஆகஸ்டு மாதத்தில் வைக்க நினைத்திருக்கிறோம். ஏழு நாளைக் குறித்து விண்ணப்பத்தை ஜூன் முதல் வாரமே கொடுத்துவிடுவோம். பெட்டி அதற்குள் தயாராகாவிட்டால் லைக்ரா சட்டைகளை மட்டுமாவது சங்கத்திடமிருந்து இரவலாகக் கொடுங்கள். உங்களில் யாராவது அந்த வாரத்தில் ஒரு காலை 6 மணிக்குக் கரைக்கு வந்தால் நடுவர் மேடையில் இடம் வைத்திருப்போம். சாரத்தில் ஏற ஏணி உண்டு, இட்லி 8 மணிக்கு வரும்.

இப்படிக்கு,
குப்பத்துப் பிள்ளைகளுக்காகப் போட்டி நடத்துகிறவர்கள் சார்பில்,
உங்கள் கடற்கரைக்காரன் ஒருவன்